துணி போர்த்திய விமானமும் என்னுடைய ஒரு பழைய தவறும்



நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 1986-இல் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் என்னிடம் படித்தவர்கள் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். அந்த வகுப்பில் நான் சொன்ன ஒரு விஷயம் தப்பு. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து அதைத் திருத்துகிறேன்.

சென்ற தை மாதம் பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். நரைத்த மீசை, கையில் ஒரு மஞ்சள் பை.

"சார், என்னைத் தெரியுதா?"

எனக்கு முகம் பிடிபடவில்லை. பையில் இருந்ததை வெளியே எடுத்தார். அதைப் பார்த்த உடனே ஆளைத் தெரிந்துவிட்டது.

ஒன்றரை அடி நீளம். லேசாக வளைந்த ஒரு உலோகச் சட்டம். வாய்க்கால் மாதிரி நடுவில் குழிந்து இரண்டு பக்கமும் விளிம்பு வைத்தது. அதன் நடுவில் இன்னொரு சட்டம் சாய்வாகக் குறுக்கே போகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒரு சிறு தகடு. அதைச் சுற்றி நெருக்க நெருக்கமாக ரிவெட்.

1986-இல் இதே பொருளை, அநேகமாக இதே மாதிரி ஒரு மஞ்சள் பையில், இவர் வகுப்புக்குக் கொண்டுவந்தார். அன்று இரண்டாம் உலகப் போர் பாடம். முதல் நாள் நான், "உங்கள் வீடுகளில் போர்க் காலத்து ரேஷன் கார்டு, காசு, கடிதம் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். இரண்டு பேர் பர்மா நோட்டு கொண்டுவந்தார்கள். ஒருவன் ஜப்பான்காரன் மலாயாவில் அச்சடித்த வாழைமர நோட்டு கொண்டுவந்தான். இவர் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

"சார், இது நம்ம ஏரோட்ரோம்ல இருந்த வெள்ளைக்காரன் விமானத்தோட எலும்புன்னு எங்க தாத்தா சொன்னாரு. குண்டு போடற பெரிய விமானமாம். கூடை மாதிரி பின்னி, மேலே துணி போத்தியிருப்பானாம்."

நான் சிரித்தேன். "குண்டு போடற விமானத்துக்குத் துணியா? வேட்டி கட்டிக்கிட்டுப் பறந்துச்சா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சட்டத்தைக் கையில் வாங்கி இரண்டு திருப்பு திருப்பி, "இது பஸ் பாடி கட்டுறவங்க பயன்படுத்தற அலுமினியச் சட்டம்" என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் முழுக்க அவர் எதையும் வகுப்புக்குக் கொண்டுவரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. மறுநாள் காலை அவர் தாத்தா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அறுபது அறுபத்தைந்து வயது. தோளில் துண்டு. "வாத்தியாரய்யா, அந்தச் சாமானைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். மணி அடித்துவிட்டது. "பெரியவரே, இப்ப வகுப்பு இருக்கு, அப்புறம் ஒரு நாள் வாங்க" என்றேன். அவர் பிறகு வரவில்லை. 1991-இல் காலமாகிவிட்டார் என்பது எனக்குச் சென்ற தை மாதம்தான் தெரியும்.

பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டப் போகிறாராம். பரணை ஒழிக்கும்போது இது வந்திருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் தராசில் வைத்தும்விட்டார். பொறியியல் படிக்கும் மகள்தான், "அப்பா, இது என்னன்னு தெரியாம போடாதீங்க" என்று தடுத்திருக்கிறாள். "சார், நீங்க பஸ் பாடின்னு சொன்னீங்க. பஸ் பாடின்னா போட்டுடறேன். நிச்சயமா சொல்லுங்க" என்றார். குத்திக் காட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

"ஒரு மாசம் டயம் கொடுப்பா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் நான்கு மாதம் ஆயிற்று.

முதல் வேலையாகக் காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. இரும்பு இல்லை. எண்பது வருடத்தில் துரு இல்லை, ஆனால் விளிம்புகளில் வெள்ளையாகப் பூத்து, அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உரிகிறது. சுத்தமான அலுமினியம் இப்படி உரியாது. நம் பழைய மாணவர் ஒருவர் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். ஒரு சுரண்டல் தூளை அவருக்கு அனுப்பினேன். "சார், அலுமினியத்தோடு செம்பு நூற்றுக்கு நாலு பங்கு, கொஞ்சம் மெக்னீசியம், கொஞ்சம் மாங்கனீசு. இது டூராலுமின்" என்றார்.

டூராலுமினைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர். 1906 வாக்கில் இந்தக் கலவையைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து வைத்தார். சில நாள் சும்மா கிடந்த பிறகு அது தானாகவே இறுகிக் கெட்டிப்பட்டிருந்ததைக் கவனித்தார். எடை அலுமினியத்தின் எடை, பலம் எஃகுக்குப் பக்கம். ஆகாய விமானத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் செம்பு கலந்ததால் உப்புக் காற்றும் ஈரமும் பட்டால் அரிக்கும். அதுதான் அந்த அப்பள ஏடு.

டூராலுமின் என்றதும் பஸ் பாடி என்ற என் தீர்ப்பு ஆட்டம் கண்டது. விமானத் துண்டுதான். எந்த விமானம்?

பிரிட்டிஷ் விமானப்படைக் கருவிகளில் கிரீடமும் அதன் கீழே ஏ.எம். என்ற இரண்டு எழுத்தும் பொறித்திருக்கும். ஏர் மினிஸ்ட்ரி என்பதன் சுருக்கம். உயரம் காட்டும் கருவி, வேகம் காட்டும் கருவி எல்லாவற்றிலும் 6ஏ என்று தொடங்கும் ஒரு எண்ணும் இருக்கும். நானும் பூதக்கண்ணாடி வைத்துக் கிரீடத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. உடனே, 'அப்படியானால் பிரிட்டிஷ் விமானம் இல்லை, ஜப்பான் விமானம்' என்று முடிவு கட்டப் பார்த்தேன். பழைய புத்தி. கிரீடம் போடுவது கிடங்கில் வைத்துக் கொடுக்கும் கருவிகளுக்கும் சாமான்களுக்கும். விமானத்தின் எலும்புக்கூட்டில் இருப்பது தொழிற்சாலையின் வரைபட எண்ணும், சரிபார்த்தவரின் சிறிய முத்திரையும்தான். நம் துண்டிலும் தகட்டின் ஓரத்தில் பாதி அரித்துப்போன சில இலக்கங்களும், ஒரு சின்ன முத்திரையும் இருக்கின்றன. படிக்க முடியாத நிலை. ஆகவே எழுத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் நம் பக்கம் பறந்த விமானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழித்தேன். டைகர் மாத் துணி போர்த்தியதுதான், ஆனால் சிறியது. உடம்பு எஃகுக் குழாய், இறக்கை மரம். காந்தம் ஒட்டியிருக்கும். ஹரிக்கேனில் பின் உடம்புக்குத் துணி உண்டு, ஆனால் உள்ளே நீள நீளமான குழாய்கள், மரப் பட்டைகள். இப்படிக் குறுக்குப் பின்னல் கிடையாது. டகோடா முழுக்க உலோகத் தகடு போர்த்தியது. அதற்குள்ளே வளையங்களும் நேர்ச் சட்டங்களும் இருக்குமே தவிர, சாய்வாகச் சந்திக்கும் பின்னல் இருக்காது.

வளைந்த சட்டங்கள் இரண்டு திசையில் சாய்ந்து ஓடி, ஒன்றையொன்று வெட்டும் இடமெல்லாம் முடிச்சுப் போட்ட மாதிரி பிணைந்திருக்கும் விமானங்களைப் போர்க்காலத்தில் கட்டியது ஒரே நிறுவனம். இங்கிலாந்தின் விக்கர்ஸ். அந்த அமைப்பை வடிவமைத்தவர் பார்ன்ஸ் வாலிஸ். தண்ணீரில் தத்தித் தத்திப் போய் ஜெர்மானிய அணைகளை உடைத்த குண்டை 1943-இல் உருவாக்கியவரும் இவரே. அதற்கு முன் ஆர் 100 என்ற பெரிய ஆகாயக் கப்பலை வடிவமைத்தவர். அந்த அனுபவத்தில் வந்த யோசனை இது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு நொடி போதும். காவிரியில் பரிசல் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கூடு கட்டுவார்கள். மேலே தோல் போர்த்துவார்கள். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது தோல். பாரத்தைத் தாங்குவது பின்னல். வாலிஸ் செய்ததும் அதுதான். மூங்கிலுக்குப் பதில் டூராலுமின், தோலுக்குப் பதில் அயர்லாந்து லினன் துணி. சட்டங்களின் வெளி விளிம்பில் மரப் பட்டைகளை முடுக்கி, அந்தப் பட்டைகளில் துணியைப் பிணைப்பார்கள். நம் துண்டின் வெளி விளிம்பில், ரிவெட்டுகளுக்குச் சம்பந்தமில்லாமல், இடைவெளி விட்டுச் சில ஓட்டைகள் இருக்கின்றன. அவை மரப் பட்டைக்கானவை. மரத்தைக் கரையான் எப்போதோ முடித்திருக்கும்.

கூடையின் ஒரு பிளாச்சு ஒடிந்தால் கூடை உடனே சிதறிவிடுமா? பக்கத்துப் பிளாச்சுகள் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அதே மாதிரி, பெரிய ஓட்டை விழுந்தும் இந்த விமானங்கள் வீடு திரும்பின. 1941 ஜூலையில் ஜேம்ஸ் வார்டு என்ற நியூசிலாந்து சார்ஜென்ட், பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கையில் பிடித்த தீயை அணைக்க விமானத்துக்கு வெளியே இறங்கினார். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. உடம்பிலும் இறக்கையிலும் இருந்த துணியைக் காலால் உதைத்துக் கிழித்து, உள்ளே இருக்கும் பின்னலில் கை கால் வைத்து நகர்ந்தார். விக்டோரியா கிராஸ் வாங்கினார்.

அந்த விமானத்தின் பெயர் வெல்லிங்டன். நீலகிரியில் இருக்கும் வெல்லிங்டனுக்கும் இதற்கும் பெயர் கொடுத்தவர் ஒரே ஆள்தான், வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற தளபதி. அதற்கும் முன்னால், 1799-இல் திப்புவை எதிர்த்து நடந்த ஸ்ரீரங்கப்பட்டினப் போரில், நம் காவிரிக் கரையில், ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரில் இருந்தவர்.

வெல்லிங்டன் 1936 ஜூனில் முதலில் பறந்தது. இறக்கை நுனிக்கு நுனி 86 அடி. இரண்டு எஞ்சின். வழக்கமாக ஆறு பேர். மொத்தம் 11,400-க்கும் மேல் கட்டினார்கள். 1943-இல் பிராட்டன் தொழிற்சாலையில் பந்தயம் மாதிரி ஒன்றை 24 மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவாகவே கட்டி முடித்தார்கள். அத்தனை ஆயிரத்தில் இன்று முழு உருவில் மிஞ்சியவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று என் 2980. 1940 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கியது. 1976-இல் ஏரிப் பூதத்தைத் தேடப் போனவர்கள் பூதத்துக்குப் பதில் இந்த விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். 1985 செப்டம்பரில் மேலே எடுத்தார்கள். துணி எல்லாம் போய்விட்டது. பின்னல் மட்டும் கண்ணுக்குத் தெரிய, வேபிரிட்ஜ் அருகே புரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

1985 செப்டம்பரைக் கவனியுங்கள். நான் வகுப்பில் "வேட்டி கட்டிக்கிட்டுப் பறந்துச்சா" என்று கேட்டதற்குச் சில மாதம் முன்புதான் அது ஏரியிலிருந்து வெளியே வந்திருக்கிறது.

நம் பள்ளி மாணவர் ஒருவர் லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அங்கே போனார். நம் துண்டை ஸ்கேலோடு வைத்து நான் எடுத்த படங்களை அளவு குறையாமல் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, பின்னணியில் விமானம் தெரிய நாற்பது படம் அனுப்பினார். சட்டத்தின் குழிவு, குறுக்கே வெட்டும் விதம், வண்ணத்துப்பூச்சித் தகடு, தகட்டைச் சுற்றி ரிவெட் அமைந்த வரிசை, எல்லாம் ஒன்றுபோல இருந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

இருந்தாலும் ஒரு முறை அடி வாங்கியவன் அல்லவா, இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். இதே பின்னலில் விக்கர்ஸ் கட்டிய வேறு விமானங்களும் உண்டு. வெல்லெஸ்லி, வார்விக். வெல்லெஸ்லி இருநூறுகூடக் கட்டப்படவில்லை, முக்கியமாக ஆப்பிரிக்கப் பக்கம் பறந்தது. வார்விக் போரின் பிற்பகுதியில் வந்தது. ஆகவே கேள்வி இப்படிச் சுருங்கியது: தஞ்சாவூரில் வெல்லிங்டன் இருந்ததா?

இருந்தது. இங்கேதான் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆவது ஸ்குவாட்ரன் 1942 அக்டோபர் 22 அன்று மறுபடியும் உருவாக்கப்பட்ட இடம் தஞ்சாவூர். கொடுக்கப்பட்ட விமானம் வெல்லிங்டன். வேலை, வங்கக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவது, கப்பல்களைக் காப்பது. 1943 ஜூனில் அந்த ஸ்குவாட்ரன் வட ஆப்பிரிக்காவுக்கு, அல்ஜீரியாவின் பிளிடாவுக்குப் போனது.

'மறுபடியும்' உருவாக்கப்பட்டது என்றேன். அதற்கு முன் அது இருந்த இடம் சிங்கப்பூர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தாத்தாக்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்கள் தலைக்கு மேலே பறந்த ஸ்குவாட்ரன் அது. அப்போது வைத்திருந்தது வில்டபீஸ்ட் என்ற இரட்டை இறக்கை விமானம். அதுவும் துணி போர்த்தியது, மிகவும் பழையது. 1942 ஜனவரி 26 அன்று மலாயாவின் கிழக்குக் கரையில் எண்டாவில் ஜப்பானியப் படை இறங்கியபோது, பட்டப்பகலில் இந்தக் கிழட்டு விமானங்களை அனுப்பினார்கள். பெரும் இழப்பு. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மிஞ்சியவை ஜாவாவுக்குப் போயின. கடைசி இரண்டு விமானங்கள் மார்ச் மாதத்தில் பர்மாப் பக்கம் தப்பிக்கப் பார்த்து சுமத்ராவில் விழுந்தன. அத்தோடு அந்த ஸ்குவாட்ரன் இல்லாமல் போனது. எட்டாவது மாதம் அதே எண்ணுக்கு உயிர் கொடுத்த இடம் நம்முடைய ஊர்.

ஏன் தஞ்சாவூர்? 1942 ஏப்ரலை நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 5 அன்று கொழும்பில் குண்டு. 6-ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. வங்கக் கடலில் சில நாளில் இருபது சரக்குக் கப்பல்கள் வரை போயின. சென்னையில் அரசு அலுவலகங்களை உள்ளூர்களுக்கு மாற்றினார்கள், ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். கடற்கரைக்கு மிக அருகில் இல்லாமல், ஆனால் கடலுக்கு எளிதில் போய்வரத் தக்க தூரத்தில் விமானத்தளங்கள் தேவைப்பட்டன. தமிழ்நாட்டில் சோழவரம், உளுந்தூர்பேட்டை, சூலூர், செட்டிநாடு, கயத்தாறு என்று பல ஊர்களில் ஓடுபாதைகள் இருந்தன.

தஞ்சாவூரிலும் ஓடுபாதை வடக்கே வயல் பக்கம் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறும் வாய்க்காலுமான களிமண் பூமியில் மாட்டு வண்டியே அச்சு வரை இறங்கும். புதுக்கோட்டை சாலைப் பக்கம் மேட்டு நிலம், செம்மண்ணும் செம்புறாங்கல்லும். மழை பெய்தால் வடிந்துவிடும். இப்போது விமானப்படைத் தளம் இருப்பதும் அதே மேட்டில்தான்.

அந்த வருடங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் விமானத்தை வைத்து நினைவு வைத்துக்கொள்ளவில்லை, அரிசியை வைத்து நினைவு வைத்துக்கொண்டார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் கொச்சியும் பர்மா அரிசியை நம்பி இருந்தவை. நம் டெல்டா நெல்லுக்கு வந்த கிராக்கி, கெடுபிடி, ரேஷன் எல்லாம் அதன் தொடர்ச்சி. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் கதை உங்களில் பல வீடுகளில் உண்டு. என் பெரியம்மா, "சண்டைக் காலம்" என்று ஆரம்பித்தால் கேழ்வரகுக் களியில்தான் முடிப்பார்.

இன்னொன்று. பிரிட்டனின் போர்ச் செலவுக்காகச் சென்னை மாகாணத்தில் வசூல் நடந்தது. அந்தப் பணத்துக்காக 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர் வைத்தார்கள். விமானமும் அவர்களுடையது, போரும் அவர்களுடையது, ஓடுபாதைக்குக் கல் சுமந்தவர்கள் நம்மவர்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். நடந்ததை நடந்தபடி தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பெரியவரிடம் வருகிறேன்.

மே மாதம் நான் என் மாணவர் வீட்டுக்குப் போய், "உங்க தாத்தா வேறென்ன சொன்னாரு? ஞாபகம் இருக்கறதை எல்லாம் சொல்லு" என்று கேட்டேன். நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். 1986-இல் செய்திருக்க வேண்டிய வேலை.

தாத்தா ஏரோட்ரோமில் கூலி வேலை பார்த்திருக்கிறார். முதலில் கல் உடைத்தல், மண் கொட்டுதல். பிறகு விமானம் நிறுத்தும் இடத்தில் எடுபிடி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரனிடம் சொன்னவை மூன்று. ஒன்று, உள்ளே கூடை மாதிரி பின்னியிருக்கும், வெளியே துணி. இரண்டு, துணியில் கிழிசல் விழுந்தால் துண்டு ஒட்டி, அதன் மேல் ஒரு மருந்து பூசுவார்கள், அப்போது பழுத்த வாழைப்பழ வாசனை ஊரைத் தூக்கும். மூன்று, சண்டை முடிந்து டிஸ்போஸல் சாமான் என்று மூட்டை மூட்டையாகப் போனபோது, மேஸ்திரி கையில் கிடைத்ததைக் கொடுத்தார், மாட்டுக் கொட்டகையில் கயிறு மாட்ட உதவும் என்று இதை வாங்கிக்கொண்டார்.

வாழைப்பழம் என்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. வேதியியல் ஆசிரியராக இருந்த என் நண்பருக்குப் போன் போட்டேன். "விமானத் துணியை இறுக்கிப் பிடிக்க வைக்கும் வார்னிஷுக்கு டோப் என்று பெயர். அதில் கரைப்பானாக அமைல் அசிடேட் சேர்ப்பது வழக்கம். நீ ஐஸ்கிரீமில் சாப்பிடும் வாழைப்பழ எசன்ஸ் இருக்கிறதே, அதே வாசனை" என்றார். அந்தக் காலத்து விமானத் தொழிலாளர்களும் இதையேதான் எழுதியிருக்கிறார்கள், அவர்கள் ஊரில் பேரிக்காய் மிட்டாய் வாசனை என்பார்கள். நம் பெரியவருக்குப் பேரிக்காய் மிட்டாய் எங்கே தெரியும்? வாழைப்பழம் தெரியும்.

இதைக் கற்பனையாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்றவர்தான் சொல்ல முடியும்.

உலோகம் பரிசோதித்து, படம் ஒப்பிட்டு, ஸ்குவாட்ரன் தேடி, கடல் தாண்டி ஆள் அனுப்பி, நான்கு மாதம் கழித்து நான் வந்து சேர்ந்த இடத்தில் அவர் 1986-லேயே நின்றுகொண்டிருந்தார், பள்ளிக்கூட வாசலில், தோளில் துண்டோடு. ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் அந்த விமானங்கள் எங்கே நின்றன, எத்தனை வந்தன, வந்தவர்கள் எப்படி இருந்தார்கள், போனவை திரும்பினவா, என்ன கூலி, எல்லாம் கேட்டிருக்கலாம். எம்.ஏ. படித்தவன் என்ற மிதப்பு. குண்டு வீசும் விமானம் என்றால் தகடுதான் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பைத்தான் பாடம் என்று வகுப்பில் சொன்னேன்.

ஆகவே, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு, 1986. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். அது பஸ் பாடி இல்லை. விக்கர்ஸ் வெல்லிங்டன் விமானத்தின் பின்னல் சட்டம். உங்கள் வகுப்புத் தோழர் சொன்னது சரி, அவர் தாத்தா சொன்னது சரி, வாத்தியார் சொன்னது தப்பு. அன்று நீங்கள் சிரித்தது என்னால். அந்தச் சிரிப்புக்கு நான் அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் முன்னால்தான் கேலி செய்தேன் என்பதால் உங்கள் முன்னாலும் கேட்கிறேன்.

நேரில் கேட்டபோது அவர், "அதெல்லாம் எதுக்கு சார், காபி சாப்பிடுங்க" என்றார். சற்று நேரம் கழித்து, "தாத்தா அன்னைக்கு வீட்டுக்கு வந்து, வாத்தியாருக்கு வேலை இருக்கு, இன்னொரு நாள் கேப்பாருன்னு சொன்னாரு சார். ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? காபி ஆறிப்போயிற்று.

துண்டு இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. புது வீட்டுக் கூடத்தில் தாத்தா படத்துக்குக் கீழே மாட்டப் போகிறார்களாம். மகள் ஒரு சின்ன அட்டையில் என்ன, எங்கே, எந்த வருடம் என்று எழுதி வைத்திருக்கிறாள். தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அந்தப் பாதி அழிந்த எண்ணும் போய்விடும்.

தஞ்சாவூர் ஓடுபாதை பிறகு பல வேடம் போட்டது. நடுவில் கொஞ்ச காலம் வாயுதூத் விமானம் சென்னைக்குப் போய் வந்தது. 1990-இல் இந்திய விமானப்படை எடுத்துக்கொண்டது. 2013 மே மாதம் முழு விமானப்படைத் தளமாகத் திறக்கப்பட்டது. 2020 ஜனவரி 20 முதல் 222-ஆவது ஸ்குவாட்ரனின் சுகோய் விமானங்கள் அங்கே இருக்கின்றன. அவை தலைக்கு மேல் போகும்போது நம் வீட்டு ஜன்னல் அதிர்வது உங்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வாழைப்பழ வாசனை ஞாபகம் வருகிறது.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பரண், மாட்டுக் கொட்டகை, பழைய பெட்டி எல்லாவற்றையும் ஒரு முறை பாருங்கள். பெயர் தெரியாத சாமான் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், யார் எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று எழுதி வையுங்கள். குண்டு, தோட்டா மாதிரி ஏதாவது தெரிந்தால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். தளத்துப் பக்கம் போய்த் தேடுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

அதைவிட முக்கியம், வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதில் யாராவது இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள். சொல்வது நம்பும்படி இல்லாவிட்டாலும் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். சரி பார்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏரோட்ரோமில் வேலை பார்த்தவர்கள் வேறு யார் வீட்டிலாவது இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். நானே வருகிறேன். இந்த முறை மணி அடித்தாலும் எழுந்து போக மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்